சுவரில் நிற்காத துணி

பார்ரா தோ காஜூ என்கிற கடலோர ஊரில் லிந்தால்வா என்று மட்டும் சொன்னால் எந்த லிந்தால்வா என்றுதான் கேட்பார்கள். சிப்பி பொறுக்கின வீட்டு லிந்தால்வா என்றால் எல்லாருக்கும் தெரிந்துவிடும். அவள் அம்மாவும் பெரியம்மாவும், அவர்களைப் பெற்றவளும், கழிமுகத்துச் சேற்றில் முழங்கால் புதைய நின்று சிப்பி எடுத்து வயிறு கழுவினவர்கள். ஊரில் அதற்கு ஓர் இளக்காரம் உண்டு. பள்ளிக்கூடத்தில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தால் மற்றப் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். பிடிக்காமல் உட்கார்ந்தவள் சுலெய்டி ஒருத்திதான்.

சுலெய்டி படகுக்காரர் வீட்டுப் பெண். அவள் அப்பாவின் தங்கையைத்தான் லிந்தால்வாவின் சித்தப்பா இழுத்துக்கொண்டு ஓடினார். அந்தச் சண்டை தீராத காலத்தில், ஸ்நாபக அருளப்பர் திருநாள் இரவில், தெருவில் எரிந்த தீயைச் சுற்றி இந்த இரண்டு பெண்களும் கையைக் கோத்துக்கொண்டு வந்தார்கள். அருளப்பரும் இராயப்பரும் சாட்சி, இன்று முதல் நீ எனக்குக் கொம்மாதிரி, நான் உனக்குக் கொம்மாதிரி என்று சொன்னார்கள். பிள்ளைக்கு ஞானத்தாயாக நின்றால் வருகிற உறவு அது. பிள்ளை இல்லாமலே தீயின் முன்னால் அதை உண்டாக்கிக்கொள்ளலாம். உண்டாக்கிக்கொண்டால் சாகிறவரை பேரைச் சொல்லிக் கூப்பிடுவது கிடையாது. பொய் சொல்வது அறவே கிடையாது. இரண்டு வீட்டுக்காரர்களும் அதைப் பார்த்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு உள்ளே போனார்கள். சண்டையும் அதோடு ஆறிப்போயிற்று.

பிற்பாடு கடற்கரையில் காற்றாலை இறக்கை செய்யும் கொட்டகை வந்தது. கொட்டகை என்றால் சின்னது இல்லை. இந்த முனையில் நின்று கத்தினால் அந்த முனைக்குக் கேட்காது. இரண்டு கொம்மாதிரிகளும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தார்கள். வெள்ளை அங்கி, தலைமூடி, கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு, படகு மாதிரி நீண்டு கிடக்கும் அச்சுக்குள் இறங்கிக் கண்ணாடி இழைத் துணியை அடுக்கடுக்காக விரிக்கிற வேலை. விரித்து முடித்ததும் மேலே பிளாஸ்டிக் தாளைப் போட்டு மூடி, உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி, ரெசினை விடுவார்கள். தேன் மாதிரி அது துணிக்குள் ஊறி, இறுகிக் கல்லாகிவிடும். அங்கி போட்டும் கண்ணாடித் தூசி கழுத்தில் இறங்கிவிடும். வீட்டுக்குப் போய்ப் பச்சைத் தண்ணீரில் குளிக்கவேண்டும். வெந்நீரில் குளித்தால் இரவெல்லாம் சொறிந்துகொண்டு கிடக்கவேண்டியதுதான்.

இறக்கையின் அடிப்பக்கம்தான் கஷ்டமான இடம். மற்ற இடங்களில் அச்சு படுத்த மாதிரி இருக்கும். அடியில் மட்டும் சுவர் மாதிரி எழுந்து நிற்கும். துணி அதில் நிற்காது, வழுக்கி இறங்கும். அதற்கென்று டப்பாவில் அடைத்த பசை உண்டு. காலையில் புல் மேல் பனி இருக்குமே, அந்த அளவுக்கு ஒரு புகை அடித்தால் போதும். கூட அடித்தால் துணியின் கண்ணெல்லாம் அடைத்துக்கொண்டு ரெசின் உள்ளே போகாது. அதனால் டப்பாவைத் தொட அனுமதி பெற்றவர்கள் நாலைந்து பேர்தான். அவர்களில் சுலெய்டி ஒருத்தி. தன் டப்பாவில் ஒரு சிவப்பு நாடாவைக் கட்டி வைத்திருப்பாள்.

அப்படி இருக்கும்போதுதான் கொக்கு வந்தது.

மேலே தண்டவாளத்தில் ஓடுகிற எந்திரம் அது. நீண்ட கழுத்து. கழுத்தின் நுனியில் ஒரு பெரிய சட்டம், அதில் வரிசையாக உறிஞ்சு கிண்ணங்களும் நடுநடுவே மயிர் மாதிரி ஊசிகளும். வெட்டி வைத்த துணியின் மேல் குனியும், உறிஞ்சியும் குத்தியும் பிடிக்கும், தூக்கும், திரும்பும், அச்சில் கொண்டுபோய் விரிக்கும். அது குனிந்து எடுக்கிற அழகைப் பார்த்து முதல் நாளே பெண்கள் கொக்கு என்று பேர் வைத்துவிட்டார்கள். அதன் உண்மையான பேர் யாருக்கும் வாயில் நுழையவில்லை.

கொக்கை ஓட்ட ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். தெற்கிலிருந்து வந்த எஞ்சினியர் பெண் மார்லீசி, சின்ன வயது, எல்லாரையும் அக்கா என்று கூப்பிடுவாள். அவள்தான் வரிசையில் நின்றவர்களில் லிந்தால்வாவைத் தேர்ந்தெடுத்தாள். கை நிதானம் என்று சொன்னாள். மேலே ஒரு கண்ணாடி அறை, நாற்காலி, குளிர் காற்று. லிந்தால்வாவைப் படம் பிடித்து வாசலில் பெரிதாக மாட்டினார்கள். அன்றைக்குச் சாயங்காலம் மூக்கைப் பிடித்த கூட்டத்தில் இருந்தவள் ஒருத்தி கடைத்தெருவில் அவளை நிறுத்தி, "உன் போட்டோவப் பாத்தேன்டி, சினிமாக்காரி மாதிரி இருக்க" என்றாள். லிந்தால்வா சிரித்துக்கொண்டே வந்துவிட்டாள். ஆனால் அந்தச் சொல்லை வீடு வரைக்கும் வாயில் போட்டுச் சப்பிக்கொண்டே போனாள்.

கீழே இருந்தவர்களுக்குக் கொக்கைப் பிடிக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் சுலெய்டி மரவள்ளி அடையைப் பிய்த்துக்கொண்டே எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"அந்தக் கொக்கு ஒருநாள் என் கையில மாட்டும். கழுத்தத் திருகி கொழம்பு வெச்சிருவேன்."

"இரும்புக் கொழம்பா? பல்லு போயிரும்டி."

"எனக்குப் பல்லு போனா என் கொம்மாதிரி மேல இருந்து புதுப் பல்லு வாங்கித் தருவா. இப்ப அவ மொதலாளியம்மா!"

எல்லாரும் சிரித்தார்கள். லிந்தால்வாவும் சிரித்தாள். அந்தப் பேச்சில் விஷம் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

கொக்குக்கும் ஒரு குறை இருந்தது. படுத்த இடத்தில் அழகாக விரித்தது. அடிப்பக்கச் சுவரில் வைத்துவிட்டுக் கழுத்தை எடுத்ததும் துணி மெல்லச் சரிந்தது. சரிந்து மடிந்தால் கொக்கின் கண் அதைப் பார்த்துவிடும். தலைக்கு மேல் சிவப்பு விளக்கு சுற்றும், சங்கு ஊதும், எந்திரம் நின்றுவிடும். கொட்டகை முழுவதும் திரும்பிப் பார்க்கும். முதல் தடவை அப்படி நின்றபோது லிந்தால்வாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தவறு எந்திரத்தினுடையது, பார்க்கிறவர்களும் எந்திரத்தைத்தான் பார்க்கிறார்கள். ஆனால் அவளுக்கு அவர்களெல்லாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு தன்னைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

மார்லீசி ஓடி வந்தாள். "பரவாயில்லக்கா, நிக்கட்டும். எங்க நிக்குதுன்னு தெரிஞ்சாத்தான சரி பண்ண முடியும்?" என்றாள். அந்தப் பேச்சு லிந்தால்வாவின் காதில் ஏறவில்லை. யாரோ வேறொருவர், கொக்கு இப்படியே நின்றுகொண்டிருந்தால் கட்டித் திருப்பி அனுப்பவேண்டியதுதான் என்று சொன்னதுதான் ஏறிற்று. கொக்கைத் திருப்பி அனுப்பினால் அவளும் கண்ணாடி அறையிலிருந்து இறங்கவேண்டும். வாசலில் இருக்கிற படத்தையும் இறக்குவார்கள்.

அதன் பிறகு எல்லாரும் சாப்பிடப் போகிற நேரத்திலும் கொக்கை ஓடவிட்டார்கள், அதற்குப் பசி கிடையாது. சுவர்ப்பக்கத்தில் மற்ற நேரம் பெண்கள் கையால் போட, கொக்கு தன் பங்கை அப்போதுதான் வைத்தது. லிந்தால்வா பிறகுதான் சாப்பிடப் போவாள். ஒரு மத்தியானம் கொட்டகையில் அவளும் கொக்கும் மட்டும் இருந்தார்கள். கொக்கு சுவரில் துணியை வைத்தது. துணியின் மேல் ஓரம் உதடு பிதுங்குகிற மாதிரி மெல்லப் பிதுங்கிற்று. விளக்கு எரிவதற்கு முன்னால் அவள் பொத்தானை அழுத்திக் கொக்கை நிறுத்திவைத்தாள். படியில் இறங்கி ஓடினாள். அச்சின் விளிம்பில் சிவப்பு நாடா கட்டின டப்பா இருந்தது. எடுத்தாள், துணியைத் தூக்கினாள், அடித்தாள். பனி மாதிரி அடித்தது போதவில்லை, துணி மறுபடி அசைந்தது. மழை மாதிரி அடித்தாள். துணி நின்றது. டப்பாவை வைத்துவிட்டு மேலே ஏறிப் பொத்தானை அழுத்தினாள். கொக்கு ஒன்றும் நடக்காத மாதிரி அடுத்த துணிக்குக் குனிந்தது.

மறுநாளும் அப்படித்தான் செய்தாள். பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. சாப்பாட்டு நேரம் வந்தால் அவள் கை தானாக டப்பாவைத் தேடிற்று.

கொக்கு நிற்காமல் ஓடிற்று. மார்லீசிக்கு ஒரே சந்தோஷம். "பாத்தீங்களாக்கா, சுவரும் அதுக்குப் பழகிருச்சு!" என்று லிந்தால்வாவின் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். லிந்தால்வா வாயைத் திறக்கவேண்டிய இடம் அது. அப்போது சொல்லியிருந்தால் ஒரு சிரிப்போடு போயிருக்கும். அவள் சொல்லவில்லை. தோளைக் குலுக்கியது அவ்வளவு இதமாக இருந்தது.

இறக்கை இறுகியதும் அச்சிலிருந்து எடுத்தார்கள். அதைச் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்க்கிற ஆள் அடிப்பக்கத்துக்கு வந்ததும் நின்றான். மணி மாதிரிக் கேட்கவேண்டிய இடத்தில் பூசணிக்காயைத் தட்டுகிற மாதிரிக் கேட்டது. அறுத்துப் பார்த்தார்கள். உள்ளே ரெசின் ஊறாத துணி, வெள்ளை வெள்ளையாக, திட்டுத் திட்டாக இருந்தது. அந்த இறக்கையைக் கோபுரத்தில் மாட்டியிருந்தால் ஒரு பலத்த காற்றில் முறிந்து யார் தலையிலாவது விழுந்திருக்கும். திட்டில் ஒரு துண்டைப் பெயர்த்து முகர்ந்து பார்த்துவிட்டுப் பசை என்றார்கள்.

யாருடைய பசை என்று தேட அதிக நேரம் ஆகவில்லை. சுவர்ப்பக்கம் வேலை செய்கிறவள் சுலெய்டி. ஸ்டோரில் இருந்தவன், இந்த மாதம் எல்லாரையும்விட அதிகம் டப்பா கேட்டு வாங்கினது அவள்தான் என்றான். சீக்கிரம் தீர்ந்துபோகிறதே என்று அவளும் அவனிடம் குறைப்பட்டிருக்கிறாள். அதையும் அவளுக்கு எதிராகவே வைத்தார்கள். கொக்கின் கழுத்தைத் திருகுவேன் என்று அவள் சொன்னதைக் கேட்காத காது கொட்டகையில் இல்லை.

ஆபீஸ் அறைக்குச் சுலெய்டியையும், மேலே இருந்து பார்க்கிறவள் என்று லிந்தால்வாவையும் கூப்பிட்டார்கள். சுலெய்டி தலைமூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். மேனேஜர் நாற்காலியில் இருந்தார். மார்லீசி சுவரோரம் நின்றாள்.

"நான் அடிக்கல சார். என் கையி எனக்குத் தெரியாதா? இத்தன வருஷமா அடிக்கிறேன்."

"பின்ன யாரு அடிச்சது? கொக்கா?"

"கொக்குக்குக் கையி ஏது சார்? எனக்குத் தெரியாது. என் டப்பா தீந்துபோவுது, அவ்வளவுதான் தெரியும்." சொல்லிவிட்டுத் திரும்பினாள். "என் கொம்மாதிரி மேலதான் இருக்கா. அங்கேருந்து பாத்தா ஈ பறக்குறது தெரியும். அவளக் கேளுங்க."

எல்லாரும் லிந்தால்வாவைப் பார்த்தார்கள். அவள் கண்ணுக்கு மேனேஜரின் மேசையில் இருந்த காப்பிக் கோப்பை மட்டும்தான் தெரிந்தது. கோப்பையின் விளிம்பில் ஓர் எறும்பு நடந்துகொண்டிருந்தது.

"நான் கவனிக்கல சார்" என்றாள்.

அவளே எதிர்பார்க்காத அளவுக்குக் குரல் தெளிவாக வந்தது. இருமல் வந்திருந்தாலாவது, நாக்கு குழறியிருந்தாலாவது அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ஒன்றும் இல்லை. பொய் வெண்ணெய் மாதிரி இறங்கிற்று. சுலெய்டி கொஞ்ச நேரம் அவளைப் பார்த்துவிட்டு, "மேல கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெயிலு கூசும்ல, சரியாத் தெரிஞ்சிருக்காது" என்று மேனேஜரிடம் அவளுக்காகச் சமாதானம் சொன்னாள்.

விசாரணை முடியும்வரை வீட்டில் இரு என்று சுலெய்டியை அனுப்பிவிட்டார்கள். சுவர்ப்பக்கத்து வேலையையும் அந்த வாரம் நிறுத்திவைத்தார்கள். விசாரணை என்று பேருக்குத்தான். குற்றம் செய்ததற்காக நீக்கினது என்று எழுதி முத்திரை குத்திவிட்டால் இந்தக் கடற்கரையில் எந்தக் கொட்டகையும் அவளைச் சேர்க்காது. இத்தனை வருஷம் உழைத்ததற்குக் கைக்கு வரவேண்டியதும் வராது. எல்லாவற்றுக்கும் மேல் ஊர் சொல்லும், பொறாமையில் இறக்கையைக் கெடுத்தவள் என்று.

ஞாயிற்றுக்கிழமை லிந்தால்வா சோறும் பயறும் சேர்த்து வேகவைத்து, பாலாடைக்கட்டி போட்டுக் கிளறி, பாத்திரத்தைத் துணியால் மூடிக்கொண்டு சுலெய்டியின் வீட்டுக்குப் போனாள். போகாமல் இருந்தால் சந்தேகம் வரும் என்று போனாளா, பார்க்காமல் இருக்க முடியாமல் போனாளா என்று அவளுக்கே தெரியாது. வாசலில் சுலெய்டியின் புருஷன் தெவுசிமார் முந்திரி மரத்தடியில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

"வாங்க கொம்மாதிரி, வாங்க. ஒரு வாரமா இந்தப் படிய யாரும் மிதிக்கல. அதுவரைக்கும் இங்க வந்து காப்பி குடிச்சவனெல்லாம் தெருவுக்கு அந்தாண்ட ஓரமாப் போறான். ஒறவுன்னா நீங்கதான்."

அந்தச் சொல் அவள் முதுகில் சூடாக விழுந்தது. உள்ளே போனாள். சுலெய்டி அடுப்படியில் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்க்க ஒன்றும் இல்லை, தரை பளபளவென்று இருந்தது.

"வந்துட்டியா கொம்மாதிரி. உக்காரு. காப்பி போடுறேன்."

"வேணாம் கொம்மாதிரி."

"வேணாமாம்ல! என் வீட்டுக் காப்பி மொதலாளியம்மாவுக்கு ஏறாதோ?" சிரித்தாள். வெல்லக்கட்டியை உடைத்துக் காப்பியில் போட்டு முன்னால் வைத்தாள். எதிரில் உட்கார்ந்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"நம்ம ரெண்டு பேருக்குள்ள கேக்குறேன். நீ யாரையாச்சும் காப்பாத்துறியா? எங்கூடப் பசை அடிக்கிற அந்த நில்சா பொண்ணையா? அவ புள்ளத்தாச்சி, அவளுக்காகன்னா சொல்லு, நான் வாயத் தொறக்க மாட்டேன். எனக்குத் தெரிஞ்சா போதும். தெரியாம இருக்கிறதுதான் தூக்கத்தக் கெடுக்குது."

இப்போது சொல்லிவிடலாம். அடுப்படியில் வேறு யாரும் இல்லை. சொன்னால் அழுவாள், திட்டுவாள், கன்னத்தில் ஒன்று விடுவாள், முடிந்துவிடும். லிந்தால்வா வாயைத் திறந்தாள்.

"யாரையும் இல்ல கொம்மாதிரி. நான் யாரையும் பாக்கல."

யாரையும் பார்க்கவில்லை என்பது உண்மைதான். தன்னை எங்கே பார்க்க முடியும்? அந்த மாதிரிச் சொல்லைத் திருப்பிப் பார்த்துத் தப்பித்துக்கொள்கிற புத்தி தனக்கு எங்கிருந்து வந்தது என்று நினைத்தாள். காப்பியைக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள். வைத்துவிட்டால் சுலெய்டி வருத்தப்படுவாளே என்று குடித்தாள். போகும்போது சுலெய்டி பாத்திரத்தைக் கழுவி, வெறும் பாத்திரமாகக் கொடுக்கக்கூடாது என்று நாலு முந்திரிப் பழம் போட்டுக் கொடுத்தாள்.

வழியில் அந்தப் பழத்தை அவளால் தின்னவும் முடியவில்லை, எறியவும் முடியவில்லை. வீட்டில் வைத்தாள். அழுகிப்போயிற்று.

கொட்டகையில் தினமும் காலையில் வேலை தொடங்கும் முன் எல்லாரும் வட்டமாக நிற்பார்கள். கையுறை கிழிந்திருக்கிறது, படி வழுக்குகிறது என்று யாருக்கு என்ன தோன்றுகிறதோ சொல்லலாம். கடைசியில் யாராவது ஒருவர் பரமண்டல மந்திரம் தொடங்க, எல்லாரும் சொல்லிவிட்டுக் கலைவார்கள். திங்கட்கிழமை மார்லீசி வட்டத்தில் நின்று இரண்டு சங்கதி சொன்னாள். வெள்ளிக்கிழமை சுலெய்டியின் கணக்கு முடிகிறது. இனிமேல் சுவர்ப்பக்கத்தில் கையால் துணி போடுவது நிறுத்தப்படும், கொக்கே எல்லாம் செய்யும். "கொக்கு போட்ட இடத்துல தப்பு இல்ல. கை பட்ட இடத்துலதான் தப்பு. என்ன பண்றது, எனக்கும் வருத்தமாத்தான் இருக்கு" என்றாள். எதிரில் நின்ற நாலைந்து பெண்கள் தரையைப் பார்த்தார்கள். நில்சா வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"வேற யாராச்சும் பேசணுமா?"

லிந்தால்வா கையைத் தூக்கினாள். இதோ, இப்போது என்று நினைத்தாள். எல்லாரும் திரும்பினார்கள்.

"கையுறைய... சாப்பிடப் போறப்ப தலைகீழாக் கழட்டுங்க. தூசி உள்ள போவாது" என்றாள்.

கைதட்டினார்கள். மார்லீசி, "பாருங்க, அனுபவம்னா இதுதான்!" என்றாள். யாரோ மந்திரத்தைத் தொடங்கினார்கள். எங்கள் பாவங்களை எங்களுக்குப் பொறுத்தருளும் என்கிற இடத்தில் லிந்தால்வாவின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அன்று முழுவதும் கண்ணாடி அறையில் அவளுக்கு அந்தக் கைதட்டல் கேட்டுக்கொண்டே இருந்தது. மத்தியானம் கொக்கு சுவரில் துணி வைக்கும் வேளையில் இறங்கிப் போனாள். சிவப்பு நாடா டப்பா இல்லை, அதை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வேறொருத்தியின் டப்பா இருந்தது. நில்சாவினுடையது. அவள் கை அதன் மேல் போய் நின்றது. எடுக்கவும் செய்தாள். மூடியைக் கழற்றிய பிறகுதான் தான் என்ன செய்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. மூடியைப் போட்டு வைத்துவிட்டு, அச்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். தலைக்கு மேல் துணி சரிந்து கொக்கு நின்றது. சங்கு ஊதிற்று. ஓடிவந்தவர்கள் அவளுக்கு மயக்கம் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். அதையும் வாங்கிக் குடித்தாள்.

மறுநாள் காலை வட்டத்தில் அவள் கையைத் தூக்கவில்லை. யாரும் கேட்பதற்கு முன்னால் ஓர் அடி உள்ளே வந்து நின்றாள்.

"அந்தப் பசைய நான் அடிச்சேன்."

ஒருவருக்கும் புரியவில்லை. "எந்தப் பசைக்கா?" என்றாள் மார்லீசி.

"சுவர்ல. சாப்பாட்டு நேரத்துல. கொக்கு நின்னுரக் கூடாதுன்னு அடிச்சேன். தெனமும் அடிச்சேன். என் கொம்மாதிரியோட டப்பாவ எடுத்து அடிச்சேன். ஆபீஸ்ல கேட்டப்ப அவ முன்னாடியே பொய் சொன்னேன். அவ வீட்டுக்குப் போயி, அவ கேட்டப்பவும் பொய் சொன்னேன். சுவர்ல துணிய நிக்க வெக்க கொக்குக்கு இன்னும் தெரியாது. நேத்து நீங்களே பாத்தீங்க."

அவள் ஏச்சை எதிர்பார்த்தாள். யாராவது துப்பினால்கூட நன்றாக இருக்கும் போல இருந்தது. மார்லீசி நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். கோபப்படுவாள் என்று பார்த்தால், அவள் முகத்தில் கணக்குப் போடுகிற மாதிரி ஒரு யோசனைதான் ஓடிற்று.

"அப்ப சுவர்ல கொக்கு ஒருநாள்கூடத் தானா வெக்கலையா? ஐயோ அக்கா, இதச் சொல்லியிருந்தா நான் மொத நாளே கழுத்தோட சாய்வ மாத்தியிருப்பேனே. நின்னா நிக்கட்டும்னு நான்தான சொன்னேன்?"

"சொன்னீங்க மேடம்."

"பின்ன ஏன்க்கா?"

மூக்கைப் பிடித்த பிள்ளைகளைப் பற்றித் தெற்கிலிருந்து வந்த இந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது? வட்டத்தில் நின்ற நில்சாதான் சொன்னாள், கத்தாமல், சாதாரணமாக:

"போட்டோவ எறக்கிருவாங்கன்னு பயந்துருக்கும்."

ஒருத்தரும் சிரிக்கவில்லை. அன்று யாரும் மந்திரம் தொடங்கவில்லை. அப்படியே கலைந்துபோனார்கள்.

அவளை வேலையை விட்டு நீக்கவில்லை. கொஞ்ச நாள் சம்பளமில்லாமல் வீட்டில் இருக்கச் சொன்னார்கள், பிறகு கீழே துணி போடுகிற வேலைக்குத் திரும்பச் சொன்னார்கள். படத்தை இறக்கிவிட்டார்கள். சுலெய்டியைக் கூப்பிட்டு மேனேஜர் மன்னிப்புக் கேட்டாராம்.

லிந்தால்வா வீட்டில் இருந்த நாட்களில் ஒரு சாயங்காலம் சுலெய்டி வந்தாள். உள்ளே வரவில்லை. வேலிப் படலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வேல போனதுக்கு நான் அழல" என்றாள். "ஊரு பேசினதுக்கும் அழல. நீ பயந்தவன்னு எனக்குத் தெரியாதா? ஆபீஸ்ல பயந்துட்ட, சரி. ஆனா என் அடுப்படியில வந்து உக்காந்து, நான் கேட்டப்புறமும் என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே, அந்தக் காப்பிய முழுசாக் குடிச்சியே லிந்தால்வா."

பேர் சொல்லித்தான் கூப்பிட்டாள். தீயைச் சுற்றி வந்த நாளிலிருந்து அவள் வாயில் அந்தப் பேர் வந்ததே இல்லை. லிந்தால்வாவுக்கு அது வேறு யாருடைய பேரோ போலக் கேட்டது.

"அடிச்சிரு கொம்மாதிரி" என்றாள்.

"எதுக்கு? அடிச்சா உனக்கு லேசாயிரும்." படலைச் சாத்திவிட்டுப் போய்விட்டாள்.

லிந்தால்வா வேலைக்குத் திரும்பின அன்று வெள்ளை அங்கியைப் போட்டுக்கொண்டு அச்சில் இறங்கினபோதுதான் மேலே நிமிர்ந்து பார்த்தாள். கண்ணாடி அறையில் சுலெய்டி உட்கார்ந்திருந்தாள். சுவரைத் தெரிந்த ஆள்தான் கொக்குக்கு வேண்டும் என்று மார்லீசி கேட்டிருக்கிறாள். சுலெய்டி மாட்டேன் என்றிருக்கிறாள், பிறகு கீழே இருக்கிற பெண்களின் வேலையைப் பறிக்கமாட்டோம் என்று வாக்கு வாங்கிக்கொண்டு ஏறியிருக்கிறாள். கழுத்தின் சாய்வை மாற்றியிருந்தார்கள். ஆனாலும் கொக்குக்கு இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை.

பகலில் எல்லாரும் வேலையில் இருக்கிற நேரம். பார்க்க வந்த வெளியூர் ஆட்கள் சிலர் தொப்பி போட்டுக்கொண்டு ஓரமாக நின்றார்கள். கொக்கு குனிந்தது, துணியை எடுத்தது, சுவரில் வைத்தது. கழுத்தை எடுத்தபோது மேல் ஓரம் பிதுங்கிற்று. லிந்தால்வா அச்சின் அடியில் நின்று அதைப் பார்த்தாள். அவள் கை தன்னையறியாமல் எழுந்தது. எழுந்த கையை மறுகையால் பிடித்துக்கொண்டாள்.

துணி சரிந்து மடிந்தது. சிவப்பு விளக்கு சுற்றிற்று, சங்கு ஊதிற்று, கொக்கு நின்றது. கொட்டகை முழுவதும் திரும்பிப் பார்த்தது. வெளியூர் ஆட்களும் பார்த்தார்கள். சுலெய்டி அவசரமே படாமல் எழுந்து கண்ணாடிக் கதவைத் திறந்து, படிக்கட்டின் மேலே நின்றுகொண்டு, சந்தைக் கூட்டத்தில் மீன் விற்கிற குரலில் சொன்னாள்:

"நின்னுபோச்சு! என்னா எல்லாரும் பாக்குறீங்க, கொக்கு நின்னதப் பாத்ததில்லையா? மார்லீசி மேடம், மேல் ஓரம் மறுபடி வழுக்குது, எழுதிக்குங்க!"

சிலர் சிரித்தார்கள். வெளியூர் ஆள் ஒருவரும் சிரித்தார். மற்றவர்கள் தங்கள் வேலையைப் பார்க்கத் திரும்பினார்கள். அவ்வளவுதான். வேறொன்றும் நடக்கவில்லை.

லிந்தால்வா அந்த வெளிச்சம் தன் அங்கியின் மேல் சிவப்பாக வந்து வந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இவ்வளவுதானா? இதற்காகவா? அவள் முகம் எரிந்தது. இந்த எரிச்சல் முன்பு எரிந்த மாதிரி இல்லை. அன்றைக்கு ஊர் பார்க்கிறது என்று எரிந்தது. இன்றைக்கு அவளை யாரும் பார்க்கவில்லை.

சுலெய்டி இறங்கி வந்தாள். மடிந்த துணியின் ஒரு முனையைப் பிடித்தாள். இன்னொரு முனையைப் பிடிக்க ஆள் வேண்டும். நில்சா அச்சின் அந்தக் கோடியில் இருந்தாள். பக்கத்தில் இருந்தது லிந்தால்வா மட்டும்தான். சுலெய்டி பேர் சொல்லாமல், உறவும் சொல்லாமல், முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"பிடி."

லிந்தால்வா பிடித்தாள். இருவருமாகத் துணியை உயர்த்திச் சுவரில் வைத்து, மடிப்பை உள்ளங்கையால் மேலிருந்து கீழாகத் தள்ளிக்கொண்டே வந்தார்கள். நடுவில் கைகள் சந்திக்கிற இடம் வந்தது. லிந்தால்வா தன் கையைக் கொஞ்சம் முன்னாலேயே எடுத்துக்கொண்டாள்.